வியப்புக்குத் தமிழ், நிறுவலுக்கு ஆங்கிலமா?

தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்தி ஒன்று உண்டு. 2520 என்பது விசித்திரமான எண்ணாம். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடுமாம். கணித மேதை ராமானுஜன் கண்டறிந்த அதிசயமாம். வாரத்தின் 7 நாள்களையும் மாதத்தின் 30 நாள்களையும் ஆண்டின் 12 மாதங்களையும் பெருக்கினால் அதே 2520 கிடைப்பதே அதன் மர்மமாம். செய்தியின் முடிவில் பெருமிதம் கொள்ளுமாறும் பிறருக்கு அனுப்புமாறும் வேண்டுகோள் இருக்கும். படித்தவர்கள் அனுப்புகிறார்கள். பேராசிரியர்களும் அனுப்புகிறார்கள். தேசியக் கணித நாளாகிய டிசம்பர் 22 அன்று மேடைகளிலும் இது ஒலிக்கிறது.

இச்செய்தியில் உண்மை ஒன்று இருக்கிறது: 2520 உண்மையிலேயே 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும். ஆனால் அதில் மர்மம் எதுவும் இல்லை. அது அந்தப் பத்து எண்களின் மீச்சிறு பொது மடங்கு. ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் மீ.சி.ம. கண்டுபிடிக்கும் கணக்காக இதைச் சில நிமிடங்களில் செய்துவிடுவார். 8ஆல் வகுபட மூன்று 2 வேண்டும். 9ஆல் வகுபட இரண்டு 3 வேண்டும். அவற்றோடு ஒரு 5, ஒரு 7. 8 × 9 × 5 × 7 = 2520. அவ்வளவுதான். 7 × 30 × 12 என்னும் பெருக்கலும் இதே பகாக் காரணிகளைத்தான் வேறு விதமாகக் கட்டிவைக்கிறது. வாரத்தின் நாள்களை மாதத்தின் நாள்களோடு பெருக்கினால் கிடைப்பது எதன் அளவு என்று கேட்டால் விடை சொல்ல எவரும் இல்லை. இந்த மீச்சிறு பொது மடங்கைக் கண்டறிய ராமானுஜனும் தேவையில்லை; நாமகிரித் தாயாரும் தேவையில்லை.

இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமே என்று சிலர் கூறுவர். விட்டுவிட முடியாததற்குக் காரணம், இந்தச் செய்தி மறைத்துவிடும் எண். அதே ராமானுஜன், இதே 2520 இடம்பெறும் வரிசையை ஆராய்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அது 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழி பி.ஏ. பட்டம் வழங்கியது அந்தக் கட்டுரைக்காகவே. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வுகளில் தோற்றுப் பட்டம் பெறாமல் நின்ற ஒருவர், பட்டம் பெற்ற ஆய்வு அது. அதன் பெயரைத் தமிழில் சொல்ல முற்பட்டால் சொல் கிடைக்காமல் தடுமாற நேர்கிறது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கட்டுரையின் பொருளைத் தமிழில் சொல்வது அரிதன்று. பகா எண் என்பது 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் பகுபடாதது. பகு எண் என்பது பகுபடுவது. ராமானுஜன் பகா எண்களின் எதிர்முனையை நோக்கினார்: தனக்குச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்கள் யாவை? அவற்றைத் தமிழில் 'மிகுபகு எண்கள்' எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை செல்கிறது. 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 60க்குப் பன்னிரண்டு, அதற்குக் குறைந்த எதற்கும் பன்னிரண்டு இல்லை. 2520க்கு நாற்பத்தெட்டு. புணே கேம்ப்பின் சிவாஜி மார்க்கெட்டில் முட்டையும் வாழைப்பழமும் டஜன் கணக்கில் விலைபேசப்படுவதும், ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று பழைய நாணயம் வகுக்கப்பட்டிருந்ததும், மணிக்கு அறுபது நிமிடம் இருப்பதும் ஒரே தேவையைக் காட்டுகின்றன. பங்கிடுவதற்கு எளிதான எண்ணை மனிதர்கள் நெடுங்காலமாக நாடிவந்துள்ளனர். பிளேட்டோ தம் இலட்சிய நகருக்கு 5040 குடிகள் வேண்டும் என்று வகுத்ததும் அதன் அறுபது காரணிகளைக் கருதியே. வணிகரும் தத்துவவாதியும் கைக்கெட்டிய எண்ணைப் பயன்படுத்தியதோடு நின்றனர். அவ்வெண்களின் அமைப்பு யாது என்பதை ஆராய்ந்தவர் ராமானுஜன்.

அமைப்பைப் பற்றிய அவருடைய முதன்மையான முடிவுகளுள் ஒன்றை நிறுவுவதற்கு ஒரு பத்தி போதும். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பனவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும். 12 என்பது 2² × 3; எனவே (2+1) × (1+1) = 6. இனி, மிகுபகு எண் ஒன்றில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரிய பகா எண்ணின் அடுக்கைவிடக் குறைவாக இருப்பதாகக் கொள்வோம். அவ்விரு அடுக்குகளையும் இடம்மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண்ணோ சிறியதாகிவிடும். 18 என்பது 2 × 3². அடுக்குகளை மாற்றினால் 2² × 3, அதாவது 12. இரண்டுக்கும் ஆறு காரணிகளே. அப்படியாயின் முதலில் எடுத்துக்கொண்ட எண்ணைவிடச் சிறியதான ஓர் எண்ணுக்கு அதே அளவு காரணிகள் உள்ளன. ஆகவே அது மிகுபகு எண் ஆகாது. எனவே மிகுபகு எண் எதிலும் 2, 3, 5, 7 என்று செல்லச் செல்ல அடுக்குகள் ஏறவே மாட்டா. இந்நிறுவலில் தமிழ் எங்கும் திணறவில்லை.

இந்த இறங்குவரிசையோடு ராமானுஜன் நிற்கவில்லை. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, எல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்றும் நிறுவினார். பின்னர் கையால் கணக்கிட்டு மிகுபகு எண்களின் நீண்ட அட்டவணை ஒன்றைத் தந்தார். அவ்வட்டவணை 6746328388800 என்னும் எண்ணில் முடிகிறது. அதற்கு 10080 காரணிகள்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 293318625600. தமிழில் படித்தால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதன் அமைப்பு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்குகின்றன. கடைசி அடுக்கு 1. காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோவின் நகரத்துக் குடிகளின் எண்ணிக்கையே இங்குக் காரணிகளின் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய எண்களுக்குச் சராசரியாக முப்பது காரணிகள்கூட இருப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் 5040இன் அளவு விளங்கும். இதற்கு முந்தைய மிகுபகு எண் 240940299600; அதற்கு 4800 காரணிகள். அடுத்தது 321253732800, அதற்கு 5376. இரண்டுக்கும் இடையே 5040 காரணிகளுடன் நிற்க வேண்டிய எண் அட்டவணையில் இல்லை. ஒரு செய்தி இன்னும் வியப்பளிக்கும்: விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6746328388800. காகிதமும் பென்சிலும் உள்ள எவரும் இதைச் சரிபார்க்கலாம்.

ராமானுஜனை வழிபடுவோர்க்கு இந்த விடுபாடு சங்கடம் தரக்கூடும். தெய்வம் கனவில் வந்து சொன்ன எண்களில் ஒன்று எப்படி விடுபடும்? ஆனால் ராமானுஜனை மதிப்போர்க்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. பன்னிரண்டு இலக்கங்களும் பதின்மூன்று இலக்கங்களும் கொண்ட எண்களை, இயந்திரத்தின் துணையின்றி, ஒவ்வோர் அடுக்காக மாற்றி மாற்றி ஒப்பிட்டு வரிசைப்படுத்திய ஒரு மனிதரின் உழைப்பு அந்த இடைவெளியில் தெரிகிறது. உழைக்கும் மனிதரே ஒன்றைத் தவறவிடுவார். அவர் நிறுவிய தேற்றங்கள் அதனால் இம்மியும் குறையவில்லை. அத்தேற்றங்களைக் கொண்டே விடுபட்டதைப் பிறர் கண்டறிய முடிகிறது. ஆசிரியரின் பிழையை அவருடைய முறையைக் கொண்டே பிறர் திருத்தலாம் என்பதே அறிவியலின் இயல்பு. அதிசயத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. வணங்கலாம், அல்லது மறுக்கலாம்.

ராமானுஜன் தெய்வ நம்பிக்கை உடையவர் என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. அது அவருடைய வாழ்க்கை. ஆனால் அவருடன் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய ஹார்டி, கணிதவியலாளர் எல்லாரும் அடிப்படையில் ஒரே விதமாகவே சிந்திக்கின்றனர், ராமானுஜன் அதற்கு விலக்கல்லர் என்னும் கருத்தையே கொண்டிருந்தார். கனவை முன்னிறுத்தி அறுபது பக்க நிறுவலைப் பின்னுக்குத் தள்ளுவது பக்தியும் ஆகாது, மரியாதையும் ஆகாது. அது அவர் செய்த வேலையை அவரிடமிருந்து பறிப்பது.

இங்கே மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்தியின் இலக்கணத்தைப் பாருங்கள். 'கண்டறியப்பட்டது' என்று செயப்பாட்டுவினை வரும். கண்டறிந்த வழி வராது. 'அறிஞர்கள் வியந்தனர்' என்று வரும். எந்த அறிஞர் என்பது வராது. எல்லாவற்றிற்கும் மேலாகப் பிறர் கூற்றைச் சுட்டும் '-ஆம்' வரும். சொல்பவர் எதற்கும் பொறுப்பேற்காத உரைநடை இது. நிறுவலின் உரைநடையோ 'எனின்', 'ஆதலால்', 'ஆகவே', 'அன்றியும்' ஆகியவற்றின் மேல் நிற்பது. ஒவ்வோர் இணைப்புச் சொல்லும் முந்தைய வாக்கியத்துக்குப் பொறுப்பேற்கிறது. இவ்வுரைநடை தமிழுக்குப் புதிதன்று. இலக்கண உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தடை எழுப்பி விடை கூறி, 'என்னை எனின்' என்று தாமே கேட்டு, காரணம் காட்டி முடித்தவர்கள். உரையின் உறுப்புகளாக வினாவையும் விடையையும் நன்னூல் எண்ணுகிறது. சேனாவரையர் பிறர் கருத்தை மறுக்கும் பத்திகளை ஒரு கணித மாணவர் படித்தால், அங்கே இயங்கும் தருக்கம் அவருக்கு அந்நியமாக இராது. இத்தகைய மரபு உடைய மொழியை '-ஆம்' என்னும் ஒற்றை ஒட்டுக்குள் அடைத்துவைப்பதுதான் உண்மையான இழப்பு.

'பகா எண்', 'பகு எண்' என்னும் இணையையே எடுத்துக்கொள்ளலாம். முன்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பின்னது வினைத்தொகை. ஒரே வேர்ச்சொல்லின் உடன்பாடும் எதிர்மறையும் ஓர் கணிதப் பகுப்பை முழுமையாகத் தாங்கிநிற்கின்றன. வரையறையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் கலைச்சொற்கள் இவை. இவற்றை உருவாக்கிய மொழியால் 'மிகுபகு எண்' என்று ஓரடி மேலும் வைக்க முடியாதா?

இந்த இழப்பு தமிழ்நாட்டுக்குள் ஓரளவு மறைந்து கிடக்கிறது. அங்கே தமிழ்வழிப் பாடநூல் இருக்கிறது. காரணி, மடங்கு, அடுக்கு ஆகிய சொற்கள் வகுப்பறையில் புழங்குகின்றன. புணே கேம்ப் போன்ற இடத்தில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. கண்டோன்மென்ட் உருவான பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி அது. அங்கு வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மொழிகள் களம் பிரித்துக்கொண்டுள்ளன. சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது ஒரே மொழியின் உயர்வழக்கும் தாழ்வழக்கும் பணிகளைப் பங்கிட்டுக்கொள்வதை விளக்கினார். கேம்ப்பில் நான்கு மொழிகள் அப்பணிகளைப் பங்கிடுகின்றன. அந்தப் பங்கீட்டில் எண்ணைப் பற்றித் தமிழில் அப்பிள்ளையை வந்தடையும் எழுத்து பெரும்பாலும் எது? பெரியப்பாவோ அத்தையோ குடும்பக் குழுவில் அனுப்பும் 2520 செய்திதான். நிறுவல் ஆங்கிலத்தில் வருகிறது; அதிசயம் தமிழில் வருகிறது. பத்து ஆண்டுகள் இப்படியே சென்றால் அப்பிள்ளை எடுக்கும் முடிவு ஒன்றாகவே இருக்கும்: சிந்திப்பதற்கு ஆங்கிலம், சிலிர்ப்பதற்குத் தமிழ். அதன்பின் தமிழ் அறிவுமொழி என்று எந்த மாநாட்டில் முழங்கினாலும் அந்தப் பிள்ளை நம்பப்போவதில்லை. நம்பாததற்கு அவரைக் குறைகூறவும் முடியாது.

குழந்தைகளை ஈர்க்க வியப்பு வேண்டாமா என்னும் எதிர்வாதம் நேர்மையானது. அதற்கு விடை சொல்லியாக வேண்டும். வியப்பு வேண்டும். அதற்குச் சான்று புணேயிலேயே இருக்கிறது. பெர்குசன் கல்லூரியில் படித்து, தேவ்ளாலியில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்த த. ரா. கப்ரேக்கர் 6174இன் இயல்பைக் கண்டறிந்து, 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கு இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே சென்றால் 6174இல் வந்து நிற்கும். 7641இலிருந்து 1467ஐக் கழித்தால் மீண்டும் 6174. இதைக் கண்டு வியக்காத குழந்தை இல்லை. ஆனால் கப்ரேக்கரின் வியப்பில் செய்துபார்க்கும் வழி இருக்கிறது, எவரும் சோதிக்கலாம். அதற்கடுத்து, நல்ல ஆசிரியர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியும் இருக்கிறது: இது எண்ணின் இயல்பா, அதை எழுதும் முறையின் இயல்பா? 6174இன் இயல்பு பத்தடிமான எழுத்துமுறையைச் சார்ந்தது; பன்னிரண்டடிமானத்தில் எழுதினால் அந்த விளையாட்டு அப்படியே நடவாது. 2520ஐப் பன்னிரண்டடிமானத்தில் எழுதினால் 1560 என்று தோன்றும். பழந்தமிழ்க் குறிகளில் எழுதினால் ௨௲௫௱௨௰ என்று தோன்றும். எப்படி எழுதினாலும் அதன் நாற்பத்தெட்டுக் காரணிகள் மாறா. குறிக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை மொழியியல் முதலாண்டிலேயே கற்பிக்கிறது. அதே வேறுபாட்டை ஒரு பத்து வயதுப் பிள்ளை எண்களின் வழியே கண்டுகொள்ள முடியும். கேள்விக்கு இட்டுச்செல்லும் வியப்பே வியப்பு. கேள்வியை அடைத்துவிடும் வியப்பு வெறும் உறக்கமருந்து.

இன்னொரு தரப்பு, இவையெல்லாம் பயனற்ற எண் விளையாட்டு என்று தள்ளும். அத்தரப்புக்கு 5040 விடை சொல்கிறது. ராமானுஜனின் 1915ஆம் ஆண்டுக் கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. லண்டன் கணிதக் கழகத்தின் பணநெருக்கடியால் ஒரு பகுதி வெளிவராமல் நின்றது. அப்பகுதி ழான் லூயி நிக்கோலா, கீ ரொபேன் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளரின் குறிப்புகளுடன் 1997இல்தான் வெளிவந்தது. அதே ரொபேன் 1984இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு, அவ்வெண்ணின் அளவைக் கொண்டு ஒரு வரம்பு விதிக்கலாம். 5040ஐவிடப் பெரிய எந்த எண்ணும் அவ்வரம்பைத் தாண்டாது எனின் ரீமான் கருதுகோள் உண்மை. ஒன்றேனும் தாண்டும் எனின் அது பொய். கணிதத்தின் மிகப் பெரிய தீராச் சிக்கலுக்கும், எண்களின் காரணிகளை எண்ணும் இந்தப் பள்ளிக்கூடக் கணக்குக்கும் இடையே இவ்வளவு நேரடியான பாலம் இருக்கிறது. ராமானுஜனின் அச்சேறாத பக்கங்கள், ரீமான் கருதுகோளை உண்மை எனக் கொண்டு, மிகப் பெரிய எண்களுக்கு அதே வரம்பை முன்பே எட்டியிருந்தன. இந்த வரலாற்றைத் தமிழில் விரிவாகச் சொல்லும் எழுத்து ஒரு மாணவருக்கு எளிதில் கிடைக்கிறதா? 7 × 30 × 12 மட்டும் எளிதில் கிடைக்கிறது.

இதற்குப் பொறுப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முதியவர்களுடையது அன்று. அவர்கள் தம் மொழியில் கிடைத்ததை அன்போடு பகிர்கிறார்கள். வேறொன்றை எழுதிக் கொடுக்காதவர்களே பொறுப்பு. கணிதத்துறையினர் தமிழில் எழுதினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் இல்லை என்று ஒதுங்குகின்றனர். தமிழ்த்துறையினர் எண் என்றால் பழம்பெருமை பேசும் இடம் என்று கொள்கின்றனர். மொழியியல் துறையினர் தமிழின் களச்சுருக்கத்தை ஆங்கிலத்தில் ஆய்ந்து ஆங்கிலத்திலேயே கட்டுரை வெளியிடுகின்றனர். மூவரும் சேர்ந்து காலியாக விட்ட இடத்தில்தான் '-ஆம்' வந்து அமர்ந்திருக்கிறது.

அடுத்த டிசம்பர் 22க்கு ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு நிறுவலைத் தமிழில் எழுதி வெளியிடட்டும். ஒரு பக்கம் போதும். பிள்ளைகள் பென்சிலோடு பின்தொடரும்படி இருந்தால் போதும். எதைத் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 293318625600இலிருந்து தொடங்கலாம். ராமானுஜன் தவறவிட்டதை அவருடைய தேற்றங்களைக் கொண்டே ஒரு பதினான்கு வயது மாணவி சரிபார்த்து, 'ஆகவே இதற்கு 5040 காரணிகள்' என்று தமிழில் எழுதி முடிக்கட்டும். 2520 செய்தி மீண்டும் குடும்பக் குழுவுக்கு வரும்போது, அவள் அனுப்பும் பதிலில் '-ஆம்' இராது.